மரத்தடிக்கு வந்த மருந்தும் சேரிக்கு வராத கையும்

உத்திரமேரூர் என்றால் பாடப்புத்தகத்துக்குக் குடவோலை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிவைத்த கல்வெட்டுகளைக் காட்டி, ஆயிரம் வருசத்துக்கு முன்னாலேயே நமக்கு ஓட்டு இருந்தது என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். யாருக்கு இருந்தது? அது ஒரு சதுர்வேதிமங்கலம். 30 குடும்புகளாகப் பிரித்த பார்ப்பனக் குடியிருப்பு. சொந்த மனையில் வீடு கட்டியிருக்கணும், வரி கட்டுகிற நிலம் கால்வேலிக்கு மேல் இருக்கணும், வேதம் தெரிந்திருக்கணும், வயசு 35-க்கும் 70-க்கும் நடுவில் இருக்கணும். இத்தனையும் இருந்தால்தான் ஓலையில் பேர் எழுதுவார்கள். சேரியில் கிடந்தவனுக்கு அந்த ஓலையும் இல்லை, அந்தக் குடமும் இல்லை. இதைத் தலித் எழுத்துகள் ஏற்கெனவே பலமுறை சொல்லிவிட்டன. இங்கே நாம் பார்க்கப்போவது பக்கத்திலேயே இருக்கிற இன்னொரு கல்லை.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம் திருமுக்கூடல். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது; ஏறக்குறைய கி.பி. 1068. கோயிலோடு சேர்ந்து ஒரு வேதப் பள்ளியும், மாணவர் விடுதியும், 'வீரசோழன்' என்ற பேரில் ஓர் ஆதுலசாலையும் நடந்ததை அது சொல்கிறது. ஆதுலசாலை என்றால் ஆஸ்பத்திரிதான். 15 கட்டில். மருத்துவர் ஒருவர், அறுவை செய்கிறவர் ஒருவர், மூலிகை பறித்துவர இரண்டு பேர், நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள், நாவிதர் ஒருவர். ஆளுக்கு நாளைக்கு ஒரு நாழி அரிசி. என்னென்ன மருந்து இருப்பில் இருக்கணும் என்று ஒரு பட்டியலும் உண்டு.

15 நோயாளிக்குக் குறைந்தது ஏழு பேர். நோயில் விழுந்தவருக்கு மருந்து மட்டும் பத்தாது. பக்கத்தில் ஆள் வேண்டும், சோறு வேண்டும், தலைமயிர் ஒதுக்கிவிடக்கூட ஒரு கை வேண்டும் என்பது அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரிந்தே இருந்தது. தெரியாமல் போனதால் யாரும் நம்மை விட்டுவிடவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை இங்கே எடுத்துக்காட்டுகிறேன். அந்த 15 கட்டிலும் வேதம் படிக்கிற பிள்ளைகளுக்கும் கோயில் பணிக்காரருக்கும். அக்கோயில் நிலத்தில் சேறு மிதித்தவருக்குக் காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்பதற்கு அந்தக் கல்லில் ஒரு வரி இல்லை.

இன்றைக்குத் தனிமை என்பது உலகம் முழுக்கப் பேசப்படுகிற நோயாகிவிட்டது. 2018-இல் பிரிட்டன் தனிமைக்கென்று ஓர் அமைச்சரையே நியமித்தது. உலக சுகாதார நிறுவனம் 2023 நவம்பரில் இதற்காக ஓர் ஆணையம் அமைத்து, 2025 ஜூனில் அறிக்கை வெளியிட்டது. உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் இருக்கிறார், வருசத்துக்கு ஏறக்குறைய 8,71,000 சாவுகளில் தனிமைக்குத் தொடர்பு இருக்கிறது என்பது அதன் கணக்கு. கணக்கை நாம் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பேச்சு முழுக்கத் தனிமை என்பது ஒரு மனுசருக்குள்ளே தானாக வந்து உட்கார்ந்துகொள்கிற உணர்ச்சி மாதிரியே சொல்லப்படுகிறது. எங்க பக்கத்துல இதுக்கு வேற வார்த்தை உண்டு: தள்ளி வெக்கறது. தள்ளி வைக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை யாருடையது என்று கேட்டால்தான் தனிமைக்கு வரலாறு கிடைக்கும். அந்த வரலாற்றைப் பார்க்கப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைப் போல வேறு இடம் கிடையாது. ஏனென்றால் தொழுநோய் மிக அதிகமாக இருந்த மாவட்டங்களில் ஒன்று அது. 1997-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிகிறவரை உத்திரமேரூரும் அதற்குள்தான் இருந்தது.

*

பெரிய வியாதி என்றுதான் ஊரில் சொல்வார்கள். பேரைச் சொன்னாலே ஒட்டிக்கொள்ளும் என்பது போல. உடம்பில் எங்காவது வெளுத்தோ சிவந்தோ ஒரு படை. அதில் அரிப்பு இருக்காது, வலி இருக்காது, கிள்ளினால் தெரியாது. அப்புறம் நரம்பு செத்து விரல் மடங்கும். அடுப்பில் சுட்டால் தெரியாது, காலில் முள் குத்தினால் தெரியாது. புண் ஆகும், சீழ் வைக்கும், விரல் குறையும். நோய்க்கிருமியை 1873-லேயே நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டுபிடித்துவிட்டார். பரம்பரை நோய் இல்லை. பாவத்தின் சம்பளமும் இல்லை. நூற்றுக்கு 95 பேருக்கு மேல் இது ஒட்டவே ஒட்டாது. ஆனாலும் வியாதி வந்த ஆளுக்கு முதலில் போவது விரல் இல்லை, பந்தியில் இடம்.

வெள்ளைக்காரன் 1898-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தான். பேர் 'லெப்பர்ஸ் ஆக்ட்'. இந்தச் சட்டத்தை நம் ஆட்கள் ஒருதரம் பொறுமையாகப் படிக்கணும். எல்லாத் தொழுநோயாளியையும் அது பிடிக்கச் சொல்லவில்லை. பிச்சை எடுக்கிற, பிழைப்புக்கு வழியில்லாத தொழுநோயாளியை மட்டும் வாரண்ட் இல்லாமலே போலீஸ் பிடிக்கலாம், மாஜிஸ்திரேட் காப்பகத்துக்கு அனுப்பலாம். வசதி இருந்தவர் வீட்டின் பின்கட்டில் இருந்துகொள்ளலாம், ஏழைக்குத்தான் சுவர். இன்னொரு பிரிவும் அதில் இருந்தது. அரசு ஆணை போட்டால் அந்தப் பகுதியில் தொழுநோயாளி பொதுக் கிணற்றிலோ குளத்திலோ குளிக்கக் கூடாது, தண்ணி எடுக்கக் கூடாது. வாடகை வண்டியில் ஏறக் கூடாது. சாப்பாட்டுப் பொருள் செய்து விற்கிற மாதிரித் தொழில் செய்யக் கூடாது.

கிணறு, குளம், வண்டி, சோறு. இந்தப் பட்டியலை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நமக்கு இது சட்டப் புத்தகத்தில் இருந்து வந்ததில்லை. நோயே இல்லாத உடம்புக்கு, பிறந்த அன்றைக்கே, ஊர் போட்ட பட்டியல் இது. தொழுநோயாளியை என்ன செய்வது என்று யோசித்தபோது அதிகாரத்துக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

ஃபூக்கோ, பைத்தியத்தின் வரலாறு பற்றி 1961-இல் எழுதிய நூலைத் தொழுநோயாளிகளை அடைத்துவைத்த இடங்களில் இருந்துதான் தொடங்குகிறார். ஐரோப்பாவில் தொழுநோய் போய்விட்டது, ஆனால் விலக்கிவைக்கிற அமைப்பு அப்படியே இருந்தது, அதற்குள் பிச்சைக்காரரையும் பைத்தியக்காரரையும் கொண்டுவந்து அடைத்தார்கள் என்கிறார். நம் நிலைமை இதற்குத் தலைகீழ். அங்கே நோய்க்காகச் சுவர் கட்டினார்கள், நோய் போன பிறகும் சுவர் நின்றது. இங்கே நோய்க்கு முன்னாலேயே சுவர் இருந்தது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற வயல்வெளிதான் அந்தச் சுவர். அப்படியானால் சேரியில் ஒருவருக்கு இந்த வியாதி வந்தால் அவர் இரண்டு தரம் தள்ளிவைக்கப்படுகிறார். ஊர் அவரை ஏற்கெனவே தள்ளிவைத்திருக்கிறது. இப்போது சேரியும் தள்ளுகிறது. நம் ஆட்களும் தள்ளினார்கள் என்பதை மறைத்து எழுதினால் அது வரலாறு ஆகாது.

1898-இன் சட்டம் முழுதாக ரத்தானது 2016-இல். கிணற்றைத் தொடக் கூடாது என்று சொன்ன சட்டம், அரசியல் சட்டம் 17-ஆவது பிரிவில் தீண்டாமையை ஒழித்ததற்குப் பிறகும் 66 வருசம் புத்தகத்தில் இருந்தது. தொழுநோயைக் காட்டி விவாகரத்து வாங்கலாம் என்ற விதி 2019-இல்தான் நீங்கியது. ஒடிசாவில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு நகராட்சி உறுப்பினர், தொழுநோய் என்ற காரணத்துக்காகப் பதவி இழந்தார். 2008-இல் உச்ச நீதிமன்றம் அது சரியென்றே தீர்ப்புச் சொன்னது. குடவோலையில் தகுதி இல்லாதவர் பட்டியல் படித்துப் பூரித்துப்போகிறவர்கள் இதையும் சேர்த்துப் படிக்கலாம்.

*

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணியில் 1920களில் லேடி வெலிங்டன் பேரில் தொழுநோயாளர் குடியிருப்பு ஒன்று தொடங்கி, ஸ்காட்லாந்து மிஷன் அதை நடத்தியது. நோயாளிகளுக்கு வீடு, வயல், வேலை எல்லாம் உள்ளேயே. நீரடிமுத்து எண்ணெயை ஊசியில் ஏற்றுவதுதான் அன்றைக்கு வைத்தியம். வலி உயிர் போகும், குணமாவது சந்தேகம். உள்ளே போனவர் பலருக்குத் திரும்பி வருகிற வழி இல்லை. அங்கே வேலை செய்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஊர் துரத்தியவருக்குச் சோறு போட்டவர்கள் அவர்கள். ஆனால் அந்த வைத்தியத்தின் அடிப்படையே பிரித்துவைப்பதுதான். குடியிருப்பு நிறைந்த பிறகும் மாவட்டம் முழுக்க நோயாளிகள் இருந்தார்கள். பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் படையை மறைத்தார்கள். மறைக்க மறைக்க விரல் போனது.

1940களின் பின்பாதியில் டாப்சோன் என்ற மருந்து வந்தது. அதைத் தொழுநோய்க்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர் திருமணியில் இருந்த ராபர்ட் காக்ரேன். பிறகு அதுவே மாத்திரையாக வந்தது. விலை குறைவு, வாயில் போட்டு விழுங்கலாம். அப்படியென்றால் ஆளை எதற்குப் பிடித்துவரணும்? மாத்திரையை எடுத்துக்கொண்டு நாம் போகலாமே? இந்தக் கேள்வியைச் செயலாக்கிக் காட்டிய இடம் இதே மாவட்டத்தின் பொலம்பாக்கம். உத்திரமேரூரில் இருந்து கிழக்கே, மதுராந்தகத்தைத் தாண்டிப் போனால் வரும் கிராமம்.

1955-இல் பெல்ஜியம் நாட்டு மருத்துவர் ஃபிரான்ஸ் ஹெமரிக்ஸ் அங்கே வந்தார். 25 வருசம் காங்கோவில் தொழுநோய் வேலை பார்த்த ஆள். கூட வந்தவர்களில் கிளேர் வெல்லூட் என்ற இளம் மருத்துவரும் ஒருவர். இவர்கள் பெரிய காப்பகம் கட்டவில்லை. புண்ணும் காய்ச்சலும் முற்றியவர்களைப் படுக்கவைக்க மட்டும் கொஞ்சம் கட்டில் வைத்துக்கொண்டார்கள். மீதி வைத்தியம் எல்லாம் சாலையோரத்தில், மரத்தடியில். வாரத்தில் இந்த நாள் இந்த இடம் என்று கணக்கு. வண்டி வரும், மேசை போடுவார்கள், சீட்டைப் பார்ப்பார்கள், மாத்திரை கொடுப்பார்கள், புண்ணைக் கழுவிக் கட்டுவார்கள். நோயாளி வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போவார். மறுநாள் கழனி வேலைக்கும் போவார். வீடுவீடாகவும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகவும் போய்ப் படையைத் தேடிப் பார்க்க உள்ளூர்ப் பையன்களைப் பழக்கினார்கள். 'மரத்தடி மருத்துவமனை' என்று உலகம் முழுக்கத் தொழுநோய்க்காரர்கள் பேசியது இதைத்தான்.

மரத்தடியில் உட்காரவைத்தது செலவு குறைக்கிற யுக்தி மட்டும் இல்லை என்றே நான் நினைக்கிறேன். சாலையோர மரம் நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம். ஊருக்கும் சொந்தம் இல்லை, சேரிக்கும் சொந்தம் இல்லை. ஊர்ச் சத்திரத்திலோ கோயில் மண்டபத்திலோ மேசை போட்டிருந்தால் நம் ஆள் வந்திருக்க முடியாது. சேரிக்குள் போட்டிருந்தால் ஊர்க்காரர் வந்திருக்க மாட்டார். சாலையில் போட்டால் இரண்டு பேரும் ஒரே வரிசையில் நிற்கணும். அந்த வரிசை உண்மையில் ஒரே வரிசையாக இருந்ததா, அல்லது அங்கேயும் இரண்டாகப் பிரிந்ததா என்பதுதான் இன்னும் எழுதப்படாத வரலாறு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஹெமரிக்ஸுக்குப் பிறகு 1960-இல் இருந்து வெல்லூட் பொறுப்பேற்றார். இந்தியக் குடியுரிமை வாங்கிக்கொண்டு இங்கேயே வேலை செய்தார்; 2013-இல் காலமானார். டாப்சோன் தனியாகக் கொடுத்தால் கிருமி பழகிவிடுகிறது என்று தெரிந்தபோது, மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிற கூட்டு மருந்து முறையை 1980களின் தொடக்கத்தில் களத்தில் சோதித்துப் பார்த்த இடங்களில் பொலம்பாக்கமும் ஒன்று. இன்னொன்று வேலூர்ப் பக்கத்துக் கரிகிரி. இன்றைக்கு ஆறு மாசத்திலோ ஒரு வருசத்திலோ இந்த நோய் குணமாகிறது என்றால், அந்த வழியில் இந்த மாவட்டத்து ஏழைகளின் உடம்பும் இருக்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அவர்கள் எண்ணாக இருக்கிறார்கள். பேராக எங்கேயும் இல்லை.

அதே வருசங்களில் அதே மாவட்டத்தை ஒட்டி இன்னொரு சோதனையும் நடந்தது. அப்போது காசநோய் என்றால் தாம்பரம் சானடோரியம்தான் கதி. மாசக்கணக்கில், சில சமயம் வருசக்கணக்கில், வீட்டைவிட்டுப் பிரிந்து கிடக்கணும். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கல் மாதிரி இரண்டாகப் பிரித்தது. பாதிப் பேர் சானடோரியத்தில், நல்ல சாப்பாடு, ஓய்வு. பாதிப் பேர் நெரிசலான தங்கள் வீட்டிலேயே, அரைவயிற்றுச் சாப்பாட்டோடு. மருந்து இரண்டு பேருக்கும் ஒன்றே. 1959-இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாக ஒட்டவும் இல்லை. இந்த முடிவுக்குப் பிறகு உலகம் முழுக்கக் காசநோய் சானடோரியங்கள் மூடத் தொடங்கின.

ஆக, 1955-இல் இருந்து 1959-க்குள், இந்த மண் இரண்டு தரம் ஒரே விஷயத்தை நிரூபித்தது: நோயைக் குணமாக்க மனுசரைப் பிரித்துவைக்கத் தேவையில்லை. பிரித்துவைத்ததற்குப் பயமும் பழக்கமும்தான் காரணம், மருத்துவம் காரணமில்லை. சாதியைப் பற்றி அம்பேத்கரும் அயோத்திதாசரும் வாதாடியதற்கு இது ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் கிடைத்த சாட்சி என்றுகூடச் சொல்லலாம். ஆனால் மருத்துவம் சுவரைக் கைவிட்ட வேகத்தில் ஊர் கைவிடவில்லை.

*

1947-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அறுவை மருத்துவர் பால் பிராண்ட், காக்ரேன் கூப்பிட்டு, செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்க வந்தார். விரல் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையைக் கொடுத்து, முடிந்தமட்டும் அழுத்தச் சொன்னார். செத்துப்போன கை என்று நினைத்தார். பிடித்த பிடியில் பிராண்டுக்கு வலித்தது. தசை சாகவில்லை, சில நரம்புகள்தான் செத்திருக்கின்றன என்று அப்போது பிடிபட்டது. நல்ல தசையின் நாணை எடுத்து மாற்றித் தைத்தால் மடங்கின விரலை நீட்ட முடியும் என்ற அறுவை முறைக்கு அதுதான் தொடக்கம். தொடாமல் பார்த்த எத்தனையோ மருத்துவர்களுக்குத் தெரியாமல் போனது, கை கொடுத்த ஒருவருக்குத் தெரிந்தது. தீண்டாமை அறிவையும் கெடுக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

அதற்கப்புறம் நடந்ததையும் பிராண்ட் எழுதியிருக்கிறார். கை சரியான ஒருவர் திரும்பி வந்து, இந்தக் கையை வைத்துக்கொண்டு பிச்சையும் கிடைக்கவில்லை, வேலையும் கிடைக்கவில்லை என்றாராம். முகத்தில் நோயின் தழும்பு இருந்தது. வாடகைக்கு அறை தர ஆள் இல்லை. விரலைச் சரிசெய்ய அறுவை போதும், ஊரைச் சரிசெய்ய அது போதாது. அதனால்தான் 1951-இல் வேலூரில் 'நவஜீவ நிலையம்' என்று குடிசைகள் போட்டுத் தச்சு வேலை கற்றுக்கொடுக்க வேண்டிவந்தது.

செருப்பு விஷயத்தையும் சொல்லியாகணும். உணர்ச்சி இல்லாத காலைக் காப்பாற்ற மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் போட்ட செருப்பு கொடுப்பார்கள். கழற்றவே கூடாது என்பார் டாக்டர். சேரிக்காரன் ஊர்த்தெருவில் செருப்போடு நடக்கக் கூடாது என்று விதி வைத்திருந்த ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனை! அங்கே டாக்டர் சொல் செல்லுமா, ஊர் சொல் செல்லுமா? செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தால் அந்த நூறு அடியில் ஒரு கண்ணாடிச் சில்லு போதும், காலை எடுக்க. அந்தப் புண்ணை நோய்க்கணக்கில் எழுதுவீர்களா, சாதிக்கணக்கில் எழுதுவீர்களா?

வீட்டுக்கே வருகிற வைத்தியம் என்றால் முதலில் வீடு வேண்டும். 1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் நிலைமை பற்றிக் கொடுத்த அறிக்கையில், குடியிருக்கிற மனையே மிராசுதார் கையில் இருந்ததை எழுதினார். எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி பண்ணு என்பான். அந்த அறிக்கையின் பேரில்தான் 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டுத்தான் 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிக்கு உயிர் கொடுத்தார்கள். மனைப்பட்டாவுக்கும் மருத்துவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள், மனை இல்லாத இருளர் குடும்பத்துக் காசநோயாளி எந்த வீட்டில் இருந்து மருந்து சாப்பிடுவார் என்று யோசித்துப் பார்க்கட்டும்.

*

இப்போதைய நிலைமைக்கு வருவோம். 2005 டிசம்பரில் தொழுநோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் ஒழித்துவிட்டதாக இந்தியா அறிவித்தது. பத்தாயிரத்துக்கு ஒருவருக்குக் கீழே வந்துவிட்டது என்பது அதன் அர்த்தம். இல்லாமல் போனது என்று அர்த்தமில்லை. 2023-லும் இந்தியாவில் 1 லட்சத்துக்கு மேல் புது நோயாளிகள். உலகத்துப் புது நோயாளிகளில் பாதிக்கு மேல் நம் நாட்டில்தான். ஒழிந்துவிட்டது என்று சொன்னபிறகு வீடுவீடாகப் போய்த் தேடுகிற ஆட்கள் குறைந்தார்கள். படை உள்ளவர் மறுபடியும் மறைக்கத் தொடங்கினார்.

11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமையைப் பற்றி நடத்திய ஆய்வு 2006-இல் புத்தகமாக வந்தது. மூன்றில் ஒரு பங்குக் கிராமங்களில் பொதுச் சுகாதார ஊழியர் தலித் வீடுகளுக்குள் வர மறுக்கிறார் என்று அதில் இருக்கிறது. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் தலித் பிள்ளைகளிடம் நடத்திய இன்னொரு ஆய்வு, மருந்து கொடுக்கும்போதே தொடாமல் கொடுக்கிற பழக்கத்தைப் பதிவு செய்தது. மாத்திரை வந்துவிட்டது, கை வரவில்லை. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை போதும் என்பவர் இருக்கலாம். ஆனால் பக்கவாதத்தில் படுத்தவரைத் திருப்பிப் போட, கேன்சர் புண்ணைத் துடைக்கத் தொட்டுத்தான் ஆகணும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரையும், படுக்கையில் கிடப்பவருக்கு வலித் தணிப்புச் சிகிச்சையும், உடற்பயிற்சிச் சிகிச்சையும் கொண்டுபோகிறது. 2024-இல் ஐக்கிய நாடுகள் சபை விருதும் கிடைத்தது. புதுசு என்று சொல்கிறார்கள்; மரத்தடியில் மேசை போட்டவர்களின் வழிதான் இது. வரவேற்க வேண்டிய திட்டம் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி வேலைக்குப் போய்விட்டபிறகு திண்ணையில் கிடக்கிற கிழவிக்கு, மாசத்துக்கு ஒருதரம் 'எப்படி இருக்கே ஆயா, மாத்திரை போட்டியா' என்று கேட்க ஒரு பெண் வருவது சின்ன விஷயம் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரி வாசலில் முதல் கேள்வியே 'கூட யாரு வந்திருக்கா?' என்பதுதான். கூட ஆள் இல்லாதவருக்கு அந்தக் கேள்வியே கதவை அடைத்துவிடும். அந்தப் பெண் வீட்டுக்கு வந்தால் அந்தக் கேள்வி இல்லாமலே வைத்தியம் நடக்கிறது. ஆனால் அந்தப் பெண் யார்? ஊரில் இருந்து வருகிறவர் சேரி வீட்டில் உட்காருகிறாரா, ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடிக்கிறாரா? சேரிப் பெண்ணை ஊழியராகப் போட்டால் ஊர் வீடு அவரைத் திண்ணையைத் தாண்டி உள்ளே விடுகிறதா? எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்று எழுதுகிற பதிவேட்டில் இதற்குக் கட்டம் இல்லை.

கட்டம் போட்டுச் செய்தவர்களும் இருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் ஜாம்கேடு என்ற வறண்ட பகுதியில் 1970-இல் ரஜினிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே என்ற மருத்துவத் தம்பதி வேலையைத் தொடங்கினார்கள். எழுதப்படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களை, அவர்களில் தலித் பெண்களையும் சேர்த்து, ஒன்றாக உட்காரவைத்து ஊர்ச் சுகாதார ஊழியராகப் பயிற்றினார்கள். தண்ணி இல்லாத ஊர்களில் அடிபம்பைச் சேரிப் பக்கமாகவே போட்டார்கள். வேண்டுமென்றால் ஊர்க்காரர் அங்கே வந்து அடித்துக்கொள்ளட்டும். தொழுநோயாளிக்குத் தனி நாள், தனி வாசல் வைக்காமல் எல்லோரோடும் சேர்த்தே பார்த்தார்கள். கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலித் தணிப்பு இயக்கம், அக்கம்பக்கத்து ஆட்களையே பழக்கி நோயாளி வீட்டுக்கு அனுப்பியது. 2008-இல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே ஏற்றது. நோயாளியின் தனிமைக்கு மருந்து அக்கம்பக்கம்தான் என்பது இரண்டு இடத்திலும் தெரிந்தது. நம் கேள்வி இன்னும் ஒரு படி தள்ளி இருக்கிறது: அக்கம்பக்கம் என்பது எது வரைக்கும்? ஊர் எல்லையோடு முடிகிறதா, சேரியையும் சேர்த்தா? ஜாம்கேடு இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டுக்கொண்டு இறங்கியது. அதனால்தான் அங்கே அடிபம்பும் வைத்தியத்தில் சேர்ந்தது.

இதைப் படிக்கிற மாணவர்களுக்கும் தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மரத்தடியில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டவர்கள், அப்போது இளவட்டமாக இருந்தவர்கள், இன்றைக்குக் கிழவர்கள். மதுராந்தகம், செய்யூர், உத்திரமேரூர்ப் பக்கச் சேரிகளில் விரல் மடங்கிய கையோடு இன்னும் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். மருத்துவர்களின் வரலாறு புத்தகமாக வந்துவிட்டது. இவர்களுடையது வரவில்லை. போய்க் கேளுங்கள். வண்டி எந்த மரத்தடியில் நின்றது, யார் முதலில் போய் மாத்திரை வாங்கினார்கள், நம் ஆட்கள் எங்கே நின்றார்கள், குடிக்கத் தண்ணி எந்தக் குடத்தில் இருந்து வந்தது, வீட்டில் தட்டு தனியாக எத்தனை வருசம் இருந்தது, யார் அதைச் சேர்த்து வைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பேரும் ஊரும் சொல்லலாமா என்று அவர்களையே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பேசவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள். தண்ணி கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள்.